மிஷேல் ஒருநாளும் லீவு எடுத்ததில்லை

அண்ணே,

நேற்று மருமகளின் பிறந்தநாள் என்று கடற்கரைப் பக்கம் ஓர் ஓட்டலுக்கு என்னை அழைத்துப் போனார்கள். பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம். "மிஷேல்!" என்று யாரோ கூப்பிட, நான் விருட்டென்று எழுந்து நின்றுவிட்டேன். அவர்கள் தங்கள் பிள்ளையைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். வீட்டார் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அது என் பெயரும் இல்லை, உங்கள் பெயரும் இல்லை.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய வருஷம் நான் அந்தப் பழைய ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தேன். கீழ்த்தளத்து அறைகளைப் பார்ப்பவன் அந்துவான், மேல்மாடிக்காரன் மிஷேல். எவன் வந்தாலும் அதே பெயர், அதே வெள்ளைக் கோட்டு. கப்பலில் வருகிற விருந்தாளிகள் புதுப்புதுப் பெயர்களோடு மல்லுக்கட்டக் கூடாதாம். எனக்கு அந்துவான் வாய்த்தது. "நான் மூணாவது மிஷேல். சாமிக்குப் பத்து அவதாரம், இவனுக்கு எத்தினியோ!" என்று சிரிப்பீர்கள். ஓட்டலுக்குள் நீங்கள் மிஷேல், வெளியே வந்தால் அண்ணே. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

வாரத்தில் ஏழு நாளும் வேலை. ஒரு நாள் லீவு வேண்டும் என்பதுதான் உங்கள் ஒரே ஆசை. காலில் அடிபட்ட மகளை நீங்களே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும். கேட்கப் போனபோது நானும் கதவோரம் நின்றேன். நாம் முசியே என்று கூப்பிடும் முதலாளி கோபப்படவில்லை. வருகைப் பதிவேட்டை விரித்தார்.

"பாரு. இருபது வருஷம். மிஷேல் ஒருநாளும் லீவு எடுத்ததில்ல. ஒடம்பு சரியில்லன்னு படுத்ததில்ல. இப்ப மட்டும் என்ன?"

பதிவேடு பொய் சொல்லவில்லை. போன மிஷேலுக்கும் வந்த மிஷேலுக்கும் நடுவே ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. "தம்பி, அந்தப் பொஸ்தகத்துல நாம யாருமே இல்லடா" என்றீர்கள் வெளியே வந்து. அதைச் சொன்னபோது நீங்கள் சிரிக்கவில்லை.

மழைக்காலத்தில் ஒரு காலை, காய்ச்சலோடு வெந்நீர் தூக்கிக்கொண்டு ஏறியவர் படியில் உட்கார்ந்தீர்கள். எழுந்திருக்கவே இல்லை. மதியத்துக்குள் உங்கள் கோட்டை எனக்கு மாட்டி மேலே அனுப்பிவிட்டார்கள். பதிவேட்டில் அன்றைக்கும் மிஷேல் வந்திருந்தான். சாவுக்குப் போகக்கூட என்னை விடவில்லை.

பிறகு நடந்ததைச் சொல்ல இன்றும் கூசுகிறது. உங்களைப் போலவே கதவைத் தட்டும்முன் தொண்டையைச் செரும ஆரம்பித்தேன். நான் பழகிக்கொள்ளவில்லை, தானாக வந்தது. வருஷா வருஷம் வரும் கிழட்டு வெள்ளைக்கார மதாம் என்னைப் பார்த்து, "மிஷேல், இளைத்துவிட்டாயே! போன வருஷம் சொன்னாயே, மகளின் கால் எப்படி?" என்றாள். "ஆறிடுச்சு மதாம்" என்றேன். என் வாய்தான் சொன்னது. மகளுக்கு என்று சிவப்பு ரிப்பன் கொடுத்தாள்.

மதிய இடைவேளையில் கோட்டைக் கழற்றக்கூட நேரமில்லாமல் முத்தியால்பேட்டையில் உங்கள் வீட்டுக்கு ஓடினேன். உங்கள் மகள் "அப்பா!" என்று நொண்டிக்கொண்டே வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கோட்டில் முகத்தைப் புதைத்தாள். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை.

"எங்க அப்பா கோட்டுக்குள்ள நீ யாரு?"

ரிப்பனைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

அன்று சாயங்காலமே மதாமிடம் போய்ச் சொன்னேன். "அவுரு செத்துட்டாரு மதாம். நான் வேற ஆளு." அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "பத்து வருஷமாக வருகிறேன். எத்தனை பேர்?" என்று கேட்டாள். பிறகு, "அவர் பெயர் என்ன?"

ஆறு வருஷம் ஒரே பீடியை மாற்றி மாற்றிப் பிடித்திருக்கிறோம். உங்கள் பெயர் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் மறுபடியும் உங்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டபோது அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். "பேரு கூடத் தெரியாமலா கூட நின்னு வேல செஞ்ச?" என்றார்கள். ஆனாலும் சொன்னார்கள்.

அந்த வாரமே ஓட்டல் ஆட்கள் எல்லோரும் லீவு கேட்டு மனு எழுதினோம். அவரவர் சொந்தப் பெயரில். முதல் பெயர் உங்களுடையது.

முதலாளி அதில் விரலை வைத்தார். "யாரு இது? இப்படி ஒருத்தன் இங்க வேல செய்யலயே?"

"செஞ்சாரு முசியே. இப்பத்தான் மொத தடவையா லீவுல இருக்காரு."

முதலாளி மனுவை மடித்து மேசைக்குள் போட்டுக்கொண்டார். இரண்டு மாதம் இழுத்தடித்துத்தான் முறை வைத்து வாரம் ஒரு நாள் லீவு கொடுத்தார். அதை நீங்கள் அனுபவிக்காமல் போனது எனக்கு ஆறவே இல்லை.

இப்போதெல்லாம் யார் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாலும் முதலில் பெயரைக் கேட்கிறேன். சிலர் ஏதோ தப்பு செய்துவிட்டது போல விழிப்பார்கள். சிலர் சந்தோஷமாகச் சொல்வார்கள். ஆறு வருஷம் உங்களிடம் கேட்காமல் இருந்தேனே, அந்த வெட்கம் மட்டும் போகவில்லை அண்ணே.