தம்பிக்கு நேர் வலது பக்கம்

என்னங்க,

வேலூருக்கு வரும் கீழ்வீட்டு ஆன்ட்டியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் நாம் விசாவைப் பற்றியே பேசி முடித்துவிடுகிறோம். பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங்குக்கு மூன்றே வாரம், பிரசவத்துக்குள் திரும்பி வந்துவிடுவேன் என்று இந்தியாவுக்குப் போனீர்கள். சரி, அதை விடுங்கள்.

ரோஷினிக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட். வெள்ளைக்காரன் காலத்து இந்தியா, 1801 முதல் 1825 வரை. சார்ட்டில் இடது பக்கம் பிறப்புகள், வலது பக்கம் நிகழ்ச்சிகள். 1806இல் வேலூர்ப் புரட்சி என்று எழுதும்போது, "தட்ஸ் அப்பாஸ் ஊர்!" என்று குதித்தாள். 1825இல் தாதாபாய் நவரோஜி பிறந்ததோடு முடிந்தது.

முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடியில் இந்த வருஷத்தைப் போட்டு, பிறப்பில் "தம்பி" என்று எழுதியிருக்கிறாள். டீச்சர் பெயர் கேட்டாராம். "அப்பா ஹேஸன்ட் டோல்ட் ஹிம் யெட்" என்றாளாம்.

சர்டிபிகேட்டில் பெயர் இருக்கிறது. ஆனால் நீங்கள் அவன் காதில் மூன்று தடவை சொல்லாமல் நாங்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூன்று மாதமாக அவன் வெறும் பாப்பாதான். போன வாரம், "வீடியோ கால்லயே சொல்லிடட்டுமா?" என்று கேட்டீர்கள். "ஒண்ணும் வேணாம்" என்று கத்திவிட்டேன். கத்தியது தப்பு. ஆனால் வேண்டாம்தான்.

சார்ட்டில் தம்பிக்கு நேர் வலது பக்கம் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறாள். "தட்ஸ் ஃபார் வென் அப்பா கம்ஸ்" என்கிறாள்.

தேதியைப் போனில் சொல்லுங்கள். பெயரை வந்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பாப்பாவின் அம்மா