உன் பேர் இனி இங்கே இல்லை

அலபாமா,
14 செப்டம்பர் 1954

என் கடைசி மகள் வெர்லீனுக்கு,

நீயும் மாப்பிள்ளை கிளீவனும் பிள்ளைகள் இரண்டு பேரும் டெட்ராய்டில் சுகமாக இருக்கக் கர்த்தர் கிருபை செய்யட்டும் என்று உன் அப்பா சொல்லச் சொல்ல, சபை எழுத்தர் சிஸ்டர் அர்சுலா எழுதுகிற கடிதம். இங்கே நான் எழுந்து நடமாடுகிறேன், இடது முழங்கால் மட்டும் என் சொல்லைக் கேட்பதில்லை. பருத்தி வெடித்துவிட்டது. எடுப்பு தொடங்கியதும் வழக்கம்போலப் புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு ஆளைக் காணோம், போன வாரம் நானும் அர்சுலாவும் காலி பெஞ்சுகளும்தான். கேட்டால், பருத்தி முடியட்டும் பெரியவரே என்கிறார்கள். சரி, நீங்கள் வரவேண்டாம், நாங்கள் வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். நாளை முதல் பருத்தி எடைபோடும் வண்டிக்குப் பக்கத்திலேயே, சாக்கை இறக்கிவைத்த கையோடு ஒரு பாட்டு, ஒரு ஜெபம். ஆகவே நேரமில்லை என்ற பேச்சு எனக்குப் புதிதில்லை அம்மா, ஊரெல்லாம் அதே பேச்சுதான்.

உன் கடிதத்தை அர்சுலா இரண்டு தரம் வாசித்தாள், எனக்கு ஒரு தரம் போதும், மனப்பாடம் ஆகிவிட்டது. அங்கே ஒரு சபையில் சேரச் சொன்னேனே, அதற்கு நீ, பள்ளிக்கூடம் திறந்தாச்சு, அவருக்கு மறுபடி ராத்திரி ஷிப்ட், ஞாயிறு ஒருநாள்தான் தூங்க முடியுது, அதான் என் பேர் நம்ம சபையில இருக்கேப்பா என்று எழுதியிருந்தாய். அதற்கு முன்னாலே, ஏதோ மழை பெய்ததைச் சொல்வதுபோல, பிப்ரவரியில் நெஞ்சுச் சளியோடு ஒன்பது நாள் படுத்திருந்தேன், வீட்டுக்காரம்மா ஒருதரம் கதவைத் தட்டினாள் என்றும் எழுதியிருந்தாய். ஒன்பது நாள். உனக்குப் பதினாலு வயதில் காய்ச்சல் கண்டபோது சபைப் பெண்கள் முறைவைத்து வந்து உட்கார்ந்தார்கள், அவர்கள் கொண்டுவந்த கோழிச்சாற்றுப் பாத்திரங்களை அடுப்பில் வைக்க இடமில்லாமல் உன் அம்மா ஜன்னலில் அடுக்கினாள். அதே பெண் அங்கே தனியாகக் கிடந்திருக்கிறாள். ஏழு மாதம் கழித்து எனக்குத் தெரிகிறது.

இந்தத் தப்பை முதலில் செய்தவன் நான்தான், அதனால் சொல்கிறேன். 1901இல் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வந்தபோது, இவன் ஒழுங்கானவன், சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பழைய சபை கொடுத்த நற்சாட்சிக் கடிதத்தைப் புகையிலை டப்பாவில் வைத்திருந்தேன். உழவு முடியட்டும், களை முடியட்டும் என்று ஒன்பது மாதம் ஓட்டிவிட்டேன். நடுவில் குளிர்காய்ச்சலில் விழுந்தேன், ஒருத்தரும் வரவில்லை. கெட்டவர்கள் இல்லை, இப்படி ஒருவன் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. எழுந்து நடக்க முடிந்த முதல் ஞாயிறே போய், சபைக்கு முன்னால் நின்று காகிதத்தை நீட்டினேன். அப்போது எழுத்தராக இருந்த ஏனோக் காடிஸ் வாங்கிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "தம்பி, உன்னைச் சேத்துக்க எங்களுக்குத் தடையில்ல. ஆனா இதுல பழுப்பு நிறக் கோவேறு கழுதை, வயசு ஆறு, கடிக்காது, எப்பவாச்சும் உதைக்கும்னு போட்டிருக்கே!" என்றார். டப்பாவில் கூடவே கிடந்த, கழுதை வாங்கின காகிதத்தை எடுத்து நீட்டியிருக்கிறேன், படிக்கத் தெரிந்தால்தானே. பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி, "எப்பவாச்சும்தானே உதைக்குது, இங்க இருக்கிறவங்களுக்கு எவ்வளவோ தேவல, சேத்துக்குங்கய்யா!" என்று கத்தினாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அப்படிக் கத்தியவளைத்தான் அடுத்த கிறிஸ்துமஸுக்குக் கட்டிக்கொண்டேன். உன் அம்மா சாகும் வரைக்கும் என்னை அந்தக் கழுதையின் பேர் சொல்லித்தான் கூப்பிட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை மாதக் கூட்டத்தில் எழுந்து, என் மகள் வெர்லீனுக்கு நற்சாட்சிக் கடிதம் கொடுத்து அனுப்பிவைக்க வேண்டும் என்று கேட்டேன். போதகர், "அவ கேட்டாளா?" என்றார். "கேக்கல, கேக்கவும் மாட்டா, நான் கேக்கிறேன்" என்றேன். "ஒரு பேர் புஸ்தகத்துல இருந்துட்டுப் போகட்டுமே பெரியவரே, உமக்கென்ன பாரம்?" என்றார். "எனக்குப் பாரமில்லய்யா, அவளுக்குக் காய்ச்சல் வந்தா உங்க புஸ்தகம் எழுந்து போய் சாறு காய்ச்சுமா?" என்று கேட்டேன். சம்மதமுள்ளவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள், முதல் கை என்னுடையது. ஓடையில் ஞானஸ்நானம் எடுத்த அன்று எழுதின உன் பேர்மேல் அர்சுலா கோடு போட்டாள். எனக்கு எழுத்து தெரியாது, கோடு தெரியும். உன் பேர் இனி இங்கே இல்லை அம்மா. இந்த உறைக்குள் இருக்கிற காகிதத்தில் இருக்கிறது. அதை ஆறு மாதத்துக்குள் அங்கே ஒரு சபையில் கொடுக்காவிட்டால் நீ அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. கோபப்படு, பரவாயில்லை, கோபத்தோடேயே போய்ச் சேர்.

தெருமுனையில் செங்கல் கட்டடத்தில் ஒரு சபை இருப்பதாக நீயே எழுதியிருந்தாய், அது போதும், பாட்டு நன்றாயில்லை என்று இன்னொன்று தேடிக்கொண்டு அலையாதே. ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பதை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளு. மாப்பிள்ளை ஷிப்ட் முடிந்து நேராக வந்து பெஞ்சில் உட்கார்ந்து தூங்கட்டும், இங்கே மூப்பர்கள் நாங்களே தூங்குகிறோம். நீ பெஞ்சோடு நின்றுவிடாதே, முதல் மாதமே சமையல்கட்டுக்குள் போய்ப் பாத்திரம் கழுவு, நாலு பேருக்கு உன் பேர் தெரிந்துவிடும். எனக்கு எழுபத்தெட்டு ஆகிறது. ஒருநாள் உன் வீட்டுக்குத் தந்தி வரும். அன்றைக்கு நீ ரயில் ஏறுகிற வரையில் உன் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும், பிள்ளைகளுக்குச் சோறு போட ஆள் வேண்டும். போன பிறகு என்னால் அதை ஏற்பாடு செய்ய முடியாது, அதனால் இப்போதே செய்கிறேன்.

கர்த்தர் உன் வாசலையும் உன் பிள்ளைகளையும் காக்கட்டும், மாப்பிள்ளையின் கைகளுக்குப் பெலன் தரட்டும். மறக்காதே, சபைக்கு முன்னால் நீட்டுவதற்கு முன் காகிதத்தைப் பிரித்துப் பார். உனக்குப் படிக்கத் தெரியும். மாப்பிள்ளையின் கார் காகிதத்தைக் கொடுத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா லூஷியஸ் டாலிவர்
X (அவர் கையால் போட்ட குறி)

வெர்லீன், இது அவர் சொல்லாமல் நான் எழுதுவது. எல்லாரும் கையை இறக்கின பிறகும் உங்கப்பா கை இறங்கவில்லை. நான்தான் போய்ப் பிடித்து இறக்கினேன். அர்சுலா.