லேசர் வைக்காத இடம்

ஜூன் 6, வெள்ளி

காலையிலிருந்து மலைப்பக்கம் மூட்டம். சாரல் கம்பம் ஊர் வரை இறங்கிவிட்டது. பந்தலில் திராட்சை நிறம் ஏறும் நேரம், இந்த ஈரம் ஆகாது.

பள்ளிக்கு அரைநாள் லீவு போட்டேன். இவரைக் கம்பத்துப் பல் டாக்டரிடம் இழுத்துப்போனேன். ரொம்ப நாளாகத் தலையணை உறையில் ரத்தக்கறை. கேட்டால் பல் விளக்கும்போது கீறிவிட்டது என்பார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண், உத்தமபாளையத்துக்காரர். பொறுமையாகப் பார்த்தார். ஈறு நோய் முற்றியிருக்கிறது, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைகிறது என்றார். முதலில் ஈறுக்கடியில் ஆழமாகச் சுத்தம் செய்ய வேண்டுமாம். கூடவே லேசர். வீக்கமும் வலியும் குறையுமாம். சிலருக்கு நன்றாகக் கேட்கும், சிலருக்கு அவ்வளவாக இல்லை, சுத்தம் செய்வதுதான் வைத்தியம், இது அதற்குத் துணை மட்டும் என்று ஒளிக்காமல் சொன்னார். பிடித்திருந்தது.

புகையிலை உண்டா என்று கேட்டார். விட்டாச்சு என்றார் இவர். இல்லை, வலது கன்னத்தில் அடக்குகிறார் என்று நான் சொன்னேன். திரும்பும் பஸ்ஸில் என்னை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

ஜூன் 10, செவ்வாய்

வெயில். நல்லவேளை.

சுத்தம் முடிந்து இன்று முதல் லேசர். இவருக்கும் எனக்கும் கறுப்புக் கண்ணாடி. பேனா போல ஒன்று, நுனியில் சிவப்பு வெளிச்சம். சூடு இல்லை, சத்தம் இல்லை. ஈறு ஓரமாக ஒவ்வொரு இடமாக வைத்து எடுத்தார். இவ்வளவுதானா என்று இவருக்கே ஏமாற்றம்.

ராத்திரி ரசம் சாதம் முழுதாகச் சாப்பிட்டார். குறட்டை. நான்தான் தூங்கவில்லை. ஒன்பதாம் வகுப்புத் தாள் திருத்துவது பாக்கி.

ஜூன் 17, செவ்வாய்

எப்படி எழுதுவது.

இடது பக்கம், முன்பக்கம் எல்லாம் வீக்கம் நன்றாக வடிந்திருக்கிறது. ரத்தம் நின்றுவிட்டது. டாக்டர் சிரித்துக்கொண்டேதான் பார்த்தார். வலது கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் கண்ணாடியை வைத்தவர் பேச்சை நிறுத்தினார். அங்கே ஒரு புண். போன தடவை வீக்கத்தில் சரியாகத் தெரியவில்லையாம். விரலால் ஓரத்தைத் தடவினார். திரும்பத் தடவினார். லேசரை எடுத்து மேசையில் வைத்துவிட்டார்.

"இந்த எடத்துல நான் லேசர் வைக்கமாட்டேண்ணே."

"அதுலதானம்மா வலியே கொறையுது."

"அதுக்குத்தான் வேணாங்கிறேன். என்ன புண்ணுன்னு தெரியாம வலிய மட்டும் அடக்கக் கூடாது. ஆறட்டும்னு சதையத் தூண்டி விடுற வெளிச்சம் இது. கெட்டது இருந்தா அதையும் தூண்டிருமோன்னு பயம் இருக்கு."

மதுரையில் சதை எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தார். என்னை மட்டும் தனியே நிறுத்தி, தள்ளிப்போடாதீங்கக்கா என்றார். அவர் கையுறையைக் கழற்றவே இல்லை.

ஜூன் 20, வெள்ளி

காற்று. பந்தல் கல்தூண் ஒன்று சாய்ந்துவிட்டது. பழம் வெட்டி முடியட்டும், பிறகு மதுரை என்கிறார். வியாபாரி தேதி சொல்லவில்லை.

வாங்க வேண்டியது: பருத்தித் துணி, உப்பு, மெத்தென்ற பிரஷ்.

சண்டை. பயனில்லை.

ஜூன் 28, சனி

ஒரு வாரமாக ரொம்பக் குஷியாக இருக்கிறார். வலியே இல்லையாம், தானாக ஆறிவிட்டதாம். அடிக்கடி தேனி மார்க்கெட் போகிறார். வெட்டாத பழத்துக்கு மார்க்கெட்டில் என்ன வேலை?

சாப்பிடும்போது கவனித்தேன். எல்லாவற்றையும் இடது பக்கமே ஒதுக்குகிறார்.

ஜூன் 29, ஞாயிறு

தேனியிலிருந்து நாத்தனார் போன். சும்மா பேச்சுவாக்கில், "தம்பி வந்தாக, அந்த லைட்டு வச்சுட்டு இங்கன காப்பி குடிச்சுட்டுத்தான் போனாக" என்றார். என்ன லைட்டு என்று கேட்டதும் குரல் இறங்கிவிட்டது.

விடாமல் கேட்டதில் சொன்னார், தேனியில் இன்னொரு கிளினிக். இவர் வலி என்று மட்டும் சொல்லியிருக்கிறார், புண்ணைப் பற்றியோ கடிதத்தைப் பற்றியோ மூச்சு விடவில்லை. அவர்களும் வலிக்கிற இடத்தில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

தோட்டத்துக்கே போனேன். கத்த வேண்டும் என்றுதான் போனேன். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வலது தாடைக்குக் கீழே மட்டும் துடைக்காமல் தாண்டினார். அவர் கையை விலக்கிவிட்டு நான் தொட்டேன். உள்ளே கட்டி. கல் மாதிரி. நகரவில்லை.

"தெரியும் ஜோதி" என்றார்.

"எப்பருந்து?"

"நீ கம்பத்துக்குக் கூட்டிப் போனியே, அதுக்கு முன்னாடியே."

பந்தலுக்கடியில் உட்கார்ந்துவிட்டேன். ஆட்கள் பார்த்தார்கள். வலி இல்லாத அன்றைக்கெல்லாம் அது இல்லை என்று நினைத்துக்கொள்ள முடிந்தது, அதற்காகத்தான் தேனிக்குப் போனேன் என்றார்.

ஜூலை 1, செவ்வாய்

மதுரை. விடியலில் பஸ். சதை எடுத்தார்கள். வாயில் பஞ்சோடு வந்தார். பக்கத்துப் பெஞ்சில் ஓர் அம்மா தன் மகளிடம், "இங்கன எல்லாருக்கும் வாயில ஒரே எடம்தான் போல" என்றார்.

ஜூலை 8, செவ்வாய்

வியாபாரி வந்தார். பழம் வெட்டினார்கள். ஈரத்தில் பாதி வெடிப்பு.

ஜூலை 10, வியாழன்

ரிசல்ட். உட்காருங்கள் என்று சொன்னபோதே தெரிந்துவிட்டது.

புற்று. தாடையில் ஒரு பகுதியும் கழுத்துக் கட்டியும் எடுக்க வேண்டும், பிறகு கதிர்வீச்சு. நாக்கோரத்தையும் எடுக்க வேண்டிவரலாமாம். இவர் கேட்டது ஒன்றுதான், லைட் வைத்ததால் கூடியதா என்று. அப்படிச் சொல்ல முடியாது, நாள் போனதால் கூடியிருக்கும் என்றார் பெரிய டாக்டர். அது இன்னும் மோசமாகப் பட்டது.

கம்பம் டாக்டருக்குப் போன் செய்தேன். எந்தத் தேதியில் ஆபரேஷன் என்று கேட்டார்.

ஜூலை 17, வியாழன்

ஆஸ்பத்திரி. மழை இல்லை, வெக்கை. காலையிலேயே ஆபரேஷனுக்குப் பச்சைச் சட்டை மாட்டிவிட்டார்கள். மீசை எடுத்த முகம். யாரோ போல இருந்தார்.

"இனிமே என் பேச்சு இப்பிடி இருக்காதுன்னு சொல்றாக. ஏதாச்சும் கேக்கணும்னா இப்பக் கேட்டுக்க."

எவ்வளவோ இருந்தது. தோட்டத்து மோட்டாரை எப்படிப் போட வேண்டும் என்று கேட்டேன்.

ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். கரண்ட் போர்டில் மூன்று லைட்டும் எரிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், எரிந்தால்தான் பச்சைப் பட்டன், தண்ணீர் வரும்வரை அங்கேயே நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

பள்ளிக்குக் கிளம்பும் முன் தினமும் மோட்டார் போடுவது நான்தான். அவருக்கும் அது தெரியும். முழுக்கச் சொல்லி முடித்தார்.