சக்கரம் வைத்த லிப்ட்

ஞாயிறு, 14 ஆகஸ்டு 1988. கிள்ளான்.

வீட்டு முன்பக்கக் கார் போர்ச்சிலேயே கார் பழுதுபார்க்கும் அண்ணனோடு இன்று காரைத் தூக்கும் லிப்ட் வாங்கப் போனேன். கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்று சக்கரம் வைத்தது, ஒரே ஆள் தள்ளிக்கொண்டு போகலாம். மற்றது அகலமான இரும்பு அடி கொண்டது, நகர்த்த இரண்டு பேர் வேண்டும். அண்ணன் சக்கரம் வைத்ததை எடுத்தார்.

மழைநீர் வடிவதற்காக எங்கள் போர்ச் வாசல் கேட்டை நோக்கிச் சரிந்திருக்கும். கடையிலேயே எனக்கு அது நினைவுக்கு வந்தது. ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவன் என்ன சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

வீட்டில் அண்ணி லிப்டுக்குப் பொட்டு வைத்து, சக்கரத்தின் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். பழம் உருண்டு போய்க் கேட்டைத் தாண்டிக் கால்வாயில் விழுந்தது. இன்னொன்று வைத்தார். அதுவும் போயிற்று.

"பழத்துக்கே நம்ம வீடு பிடிக்கல லா," என்று அண்ணன் சிரித்தார்.

அண்ணி சிரிக்கவில்லை. "லிப்டும் இப்படியே போனா? அடியில படுக்கப் போறது நீங்கதானே?"

அண்ணன் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உனக்குக்கூடவா தோணல?"

"தோணுச்சுண்ணே."

அவர் காரைத் தூக்கவில்லை.

நாளைக்குப் போய் இதைக் கொடுத்துவிட்டு மற்றதை வாங்கி வர வேண்டும். அண்ணி ஈரத்துணியால் பொட்டைத் துடைத்துவிட்டுப் படுக்கப் போனார். பக்கத்து அறையில் அண்ணனின் குறட்டை கேட்கிறது. வழக்கமாக அந்தச் சத்தம் தாங்காமல் கதவைச் சாத்துவேன். இன்று சாத்தவில்லை.