மதகைத் திறக்காத பாடல்

மங்கலம் பெருகுக. மலைநீரும் மாரிநீரும் குறையாத நீர்மலை நாட்டின் காவலர், மூன்று கோட்டைகளை வென்றவர், செங்கோல் வளையாதவர், பாட்டிலும் வல்லவரென்று அண்மையில் தம்மைத் தாமே அறிவித்துக்கொண்டவராகிய சேந்தவர்ம தேவர் வடவெல்லைப் பாசறையில் கண்டு தெளிய, அவர் இல்லாத நாளில் அரச முத்திரை காத்து நிற்கும் தமக்கை பொலிநங்கை வெண்கயத்து ஏரிக்கரையிலிருந்து எழுதுவித்த ஓலை. அங்கே யானையும் குதிரையும் சேனையும் நலமாயிருக்கட்டும். இங்கே கரை நிற்கிறது, நாங்களும் நிற்கிறோம். அதற்கு மேல் நலம் உரைக்க எனக்குப் பொறுமையில்லை.

அரசர் முடிசூடிய ஆண்டில், அவர் பெயரால் அமைந்த புதுப்பாட்டைப் பாடி வடமிழுத்தே வெண்கயத்து மதகின் கற்கதவைத் தூக்க வேண்டும். பழைய அரசரின் பாட்டைப் பாடினால் புதியவரின் ஆயுளுக்கு ஆகாது என்பது நம் குடி வழக்கம். அதனாலன்றோ உம்மிடம் பாட்டு வேண்டினேன். பாசறையிலிருந்து உமது செய்யுள் வந்தது. அதில் ஓர் எழுத்தையும் எவரும் மாற்றலாகாது என்ற ஆணையும் கூடவே வந்தது. அவைப் புலவர்கள் வாசித்துத் தலையாட்டி, தளை எங்கும் தட்டவில்லை என்று சான்று கூறினர். மெய்தான், படிக்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதைப் பாடி எதை இழுப்பது?

அச்செய்யுளில் மூச்சுவிட இடமில்லை, ஐயா. முதலடியில் புறப்பட்ட உமது மரபின் பெருமை நான்காமடி வரை எங்கும் இளைப்பாறாமல் ஓடுகிறது. வடம் பிடித்தவனுக்கு வேண்டியதோ இரண்டு சொல், ஓர் இழுப்பு, ஒரு மூச்சு. கவிதை கண்ணுக்கும் கருத்துக்கும் பொருந்தினால் போதும். பாட்டோ தோளுக்கும் பொருந்த வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

மேல்மலையில் மழை கொட்டி ஏரி விளிம்பைத் தொட்டது. கரை உடையுமென்று அஞ்சிக் கீழ்க்கரை ஊர்களில் சனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு பிள்ளைகளோடு நின்றனர். வேறு வழியின்றி உம் பாட்டையே பாடினோம். "மாற்றலர் மணிமுடி" என்கையில் இடப்பக்கத்தார் இழுத்தனர். "இடறிய தாளினன்" என்கையில் வலப்பக்கத்தார் இழுத்தனர். முழவர் எயினனார் உம் சொற்களைத் துரத்திக்கொண்டே போய்த் தாளத்தைக் கைவிட்டார். கதவு ஒருச்சாய்ந்து சிக்கியது, வடம் உருவியது, முன்வரிசையில் நின்ற வேட்டன் என்பவன் கால் முறிந்து விழுந்தான். குடையின்கீழ் நின்ற புலவர்கள், உச்சரிப்பில் பிழை நேர்ந்துவிட்டது என்றனர்.

அப்போதுதான், புதுப்பாட்டாக இருந்தால் போதும், அரசர் பெயர் இருந்தால் போதும், எதையாவது பாடுங்கள், பழி என்னைச் சேரட்டும் என்று ஆணையிட்டேன். சேற்றில் கிடந்த வேட்டனே, வலியிலும் ஆத்திரத்திலும் பல்லைக் கடித்துக்கொண்டு தொடங்கினான்:

"ஏரி தளும்புது சேந்தா!
எங்கே போயிட்டே சேந்தா!"

நாடாளும் அரசரை இவ்வாறு அழைப்பது தலைபோகும் குற்றமென்பதை அறிவேன். ஆயினும் உம் பெயர் வந்த இடத்தில் முழவு விழுந்தது, எல்லாத் தோள்களும் ஒருசேர இழுத்தன. இன்னொரு சேந்தா, இன்னோர் இழுப்பு. கதவு நிமிர்ந்து எழுந்தது, நீர் பாய்ந்தது, ஊர்கள் பிழைத்தன. கரையில் நின்று நான் அழுதேன். நானும் சேர்ந்து பாடினேன், தம்பி.

இப்போது வேட்டனின் தலையை வேண்டிப் புலவர்கள் உமக்கு ஓலை விடுத்திருக்கிறார்கள். உமது ஆணை மீறப்பட்டதாம். செய்யுளில் ஓர் எழுத்தையும் நான் மாற்றவில்லை; முழுவதையும் அப்படியே ஒதுக்கி வைத்தேன். அது அவையில் பத்திரமாக இருக்கிறது, வந்து படித்து மகிழ்க.

ஆதலால் இது ஆணை. வேட்டனுக்கு எத்தீங்கும் நேரலாகாது. அவன் என் மாளிகையில், என் வைத்தியர் பார்வையில் இருக்கிறான். அவனைத் தண்டித்தே தீர வேண்டுமெனில், முதலில் நீர் வந்து அவன் நின்ற இடத்தில் நின்று வடம் பிடித்து, உம் செய்யுளை உம் வாயாலேயே பாடி, அக்கதவை ஒரு சாண் உயர்த்திக் காட்டுக. உயர்ந்தால் அவனை ஒப்படைக்கிறேன்.

மழை இன்னும் விடவில்லை. நாளையும் கதவைத் தூக்குவோம், நாளையும் உம் பெயரைச் சொல்லித்தான் இழுப்போம். உமது முத்திரையையே இட்டு உமக்கே விடுத்தேன், பணிக.