பூவுக்குப் பார்த்த பண்டுதம்

நேற்று பேத்தி கடையிலிருந்து பிராக்கோலி என்று ஒரு பச்சைப் பூவை வாங்கி வந்தாள். சுற்றியிருந்த தாளைப் பிரித்ததும் அழுகிய கோசு வாடை. ஓரமெல்லாம் மஞ்சள் தட்டியிருந்தது. "வெயில் ஏறினதுக்கப்புறம் அறுத்திருக்காங்க" என்றேன். வாய் என்னுடையது, பேச்சு உங்களுடையது. உடனே உங்கள்மேல் கோபம் வந்துவிட்டது. கட்டின புருஷன்மேல் இத்தனை வருஷமாய் ஆறாத கோபம்.

துடியலூர்த் தோட்டத்தில் நாம் காலிபிளவர் போட்ட காலம். பனி காய்வதற்குள் அறுத்துவிடுவீர்கள். பூவைச் சுற்றியிருக்கும் இலையை ஒடிக்க விடமாட்டீர்கள். ஒருநாள் அவசரத்தில் நான் ஒரு பூவைக் கூடையில் வீசிவிட்டேன். "அறுத்த பூவுக்குத்தான் அம்மணி பண்டுதம் அதிகம் பார்க்கோணும்" என்றீர்கள். மனுஷனுக்கு நோய் வந்தால் பார்க்கிற பண்டுதத்தை நீங்கள் பூவுக்கு மட்டுமே பார்த்தீர்கள்.

அந்த மாசியில் உங்களுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. அப்படியும் கூடைகளோடு மேட்டுப்பாளையம் ரோட்டில் லாரிக்குக் காத்து நின்றீர்கள். லாரியைக் காணோம். வெயில் உச்சிக்கு வந்தது. தலைத்துண்டை அவிழ்த்து, வாய்க்காலில் நனைத்து, கூடைமேல் போர்த்திவிட்டு வெறுந்தலையோடு நின்றீர்கள்.

"ஏனுங்க, காச்சலோட இப்படி நிக்கறீங்களே! ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்க."

"பூவை ஏத்திப்போட்டு வாரேன் அம்மணி. நீ ஊட்டுக்குப் போ."

நான் போகவில்லை. அங்கேயே நின்று கத்தினேன். லாரி வந்தது. கடைசிக் கூடையை ஏற்றிவிட்டுத்தான் சாய்ந்தீர்கள். அதே லாரியில், பூக்கூடைகளுக்கு நடுவில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நீங்கள் கண் திறக்கவேயில்லை.

எழவுக்கு வந்த மண்டிக்காரர், "அன்னைக்கு வந்த லோடு வெள்ளை வெளேர்னு இருந்துதுங்க. ஒரு பூவுகூட வாடலீங்க" என்றார். ஆறுதல் சொல்கிறாராம்! அவரை அடிக்காமல் விட்டதே பெரிது. பூ வாடாமல் போய்ச் சேர்ந்தது. எனக்குத்தான் நீங்கள் திரும்பி வரவில்லை.

இன்று உச்சிவெயிலில் கீரைக்காரப் பெண் வந்தாள். தலையில் போட வேண்டிய துணியை நனைத்துக் கூடைமேல் போர்த்தியிருந்தாள். எனக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ.

"துணியை எடுத்துத் தலையில போடு! முதல்ல நிழலுக்கு வா கண்ணு!"

"கீரை வாடிப்போயிருமுங்க."

"வாடினா வாடிட்டுப் போகுது!"

பயந்துபோய் வந்து நிழலில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். அன்று ரோட்டில் நின்று நான் உங்களிடம் கத்தியதும் இதைத்தானே? முன்பின் தெரியாத பெண், அவள் என் சொல் கேட்டாள்.