மலையை விட்டுவிடலாம் அத்தா

லப்பைக்குடிக்காடு
15.6.2003

அன்புள்ள அத்தாவுக்கு மகன் அத்னான் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

"டிப்ளமோ படிச்சவன்தானே, ஒரு டூருக்கு பிளான் போடத் தெரியாதா" என்று கேட்டிருந்தீர்கள். போட்டுவிட்டேன். ஹஜ் சீசன் முடிந்து பிப்ரவரியில் ஜித்தாவிலிருந்து நீங்கள் வந்ததும் திருச்சியில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. இங்கிருந்து மெட்ராஸ் போவதற்கு இதைவிட அதிக நேரம் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறோம். சண்டை நின்று ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது, பயமில்லை.

முதலில் புறக்கோட்டை. கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் வேலை பார்த்த கடைத்தெருவையும் சிவப்புப் பள்ளிவாசலையும் அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அப்புறம் தெற்கே காலி என்கிற ஊரில் இருக்கிற கோட்டை. போர்த்துக்கீசியன் ஆரம்பித்து டச்சுக்காரன் கட்டி முடித்து இங்கிலீஷ்காரன் ஆண்ட கோட்டை. பவளக்கல்லை வைத்துச் சுவர் எழுப்பியிருக்கிறார்களாம். சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிற எனக்கு அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பிறகு கண்டி. கடைசியாக பாவா ஆதம் மலை. ராத்திரி ஏறினால் விடியும்போது உச்சியில் இருக்கலாம்.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "ஆதம் நபி எறங்குனது சிலோன்ல, ஹவ்வா அம்மா எறங்குனது ஜித்தாவுல. உங்க அத்தா போய் ஜித்தாவுல குந்திக்கிட்டு என்னைய மலை ஏறச் சொல்றாரு. எல்லாம் தலைகீழு" என்று சிரித்தாள். இருபது வருஷமாக ஒவ்வொரு லீவுக்கும் தள்ளிப்போட்டதைக் குத்திக்காட்டவும் மறக்கவில்லை. "தீவு என்ன நகந்தா போயிரும், அங்கனதான் கெடக்கும்னு சொல்லிச் சொல்லியே ஏமாத்துனவருடா" என்றாள்.

இந்த மாதம் இரண்டு தடவை அம்மாவைத் திருச்சிக்குக் கூட்டிப்போனேன். ஜவுளி எடுக்க. அம்மாவுக்குச் சாப்பாடு குறைந்திருக்கிறது. வெயில் என்று எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

பாஸ்போர்ட்டுக்கு மனு கொடுத்தாயிற்று. தங்கச்சி ஆஃப்ரா சலாம் சொன்னாள்.

மகன்
அத்னான்


லப்பைக்குடிக்காடு
10.8.2003

அன்புள்ள அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பிளானில் மாற்றம். பிப்ரவரி வேண்டாம், அக்டோபரில் வாருங்கள். நோன்பு பிறப்பதற்குள் போய் வந்துவிடலாம். மலையை விட்டுவிடலாம். காலிக் கோட்டையும் வேண்டாம். கொழும்பில் கீழ்த்தளத்து ரூமாக எடுத்து நாலு நாள் தங்கினால் போதும். புறக்கோட்டைத் தெருவில் ஆட்டோ போகுமா என்று உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தருவார்களா என்று பெரம்பலூர் ஏஜெண்டிடம் கேட்டேன். முன்கூட்டியே சொன்னால் தருவார்களாம். அம்மாவுக்கு முட்டி வலி, அதனால் கேட்டேன்.

ஏன் மாற்றினேன் என்று கேட்காதீர்கள். ஆலையில் பிப்ரவரியில் ஷட்டவுன், எனக்கு லீவு கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் பாஸ்போர்ட் வந்துவிட்டது. போட்டோவைப் பார்த்து, "இது யாருடா, எங்க அம்மா மாதிரி இருக்கு" என்றாள். போலீஸ் விசாரணைக்கு வந்தவரும் போட்டோவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். "படத்துல நல்லா இருக்கீங்களேம்மா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்காமலே போய்விட்டார். போட்டோ மே மாதம் எடுத்தது.

உங்கள் முதலாளி கஃபீலிடம் லீவை மாற்றிக் கேளுங்கள். கேட்டுப் பார்க்கிறேன் என்று எழுதாதீர்கள். கேளுங்கள்.

மகன்
அத்னான்


லப்பைக்குடிக்காடு
14.9.2003

அத்தா, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதம் வந்தது. அக்டோபரில் மலைக்குச் சீசனே கிடையாது, மழை கொட்டும், மலை இல்லாமல் சிலோன் எதற்கு என்று எழுதியிருந்தீர்கள். "டூருக்கு அவசரமா, இல்ல உனக்குக் கல்யாணத்துக்கு அவசரமாடா" என்றும் கேட்டிருந்தீர்கள். ஹஜ் சீசனுக்கு முன்னால் லீவு கேட்டால் கஃபீல் ஒரேயடியாக எக்ஸிட் அடித்து அனுப்பிவிடுவான், இந்த வயதில் வேறு எங்கே போய் நிற்பது என்றும் எழுதியிருந்தீர்கள். எல்லாம் சரி. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கல்யாண அவசரம் என்ற இடத்தில் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலாகி, தலையணையைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டாள்.

அத்தா, எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. மூன்று மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஜூன் மாதமே அம்மா என்னிடம் அல்லாஹ் பெயரில் சத்தியம் வாங்கிவிட்டாள், உங்களிடம் சொல்லக் கூடாது என்று. ஏன் என்று சண்டை போட்டேன். "அவரு அங்க தனியா ரூம்புல கெடந்து அழுவாரு. நானா அங்க போயி ஒரு வாய்த் தண்ணி குடுக்க முடியும்? லீவுல தானா வரட்டும்டா" என்றாள். டூர் தேதியை மட்டும் முன்னால் இழுத்துப் பார்த்தேன். நீங்கள் மலை, மழை என்று பதில் போட்டீர்கள்.

நேற்று நம் தெருப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டேன். இப்படிப்பட்ட சத்தியத்தை முறிக்கலாம், முறித்தால் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுத்துவிடு என்றார். இவ்வளவுதானா என்று இருந்தது. ஜூன் மாதமே கேட்டிருக்கலாம்.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. ஈரலுக்கும் பரவிவிட்டது. திருச்சியில் இரண்டு டாக்டர்களும் ஒரே மாதிரி சொல்லிவிட்டார்கள். ஆபரேஷன் இல்லை. வலிக்கு மருந்து தருகிறார்கள், அது வேலை செய்கிறது. மற்றபடி டாக்டர் சொன்ன கணக்கு ஒன்று இருக்கிறது. அதை எழுத மாட்டேன்.

ஆலையில் மோட்டார் எரிந்தால் ஸ்டோரில் இன்னொன்று இருக்கும். பேரிங் போனால் ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிட்டு வீட்டுக்கு வந்து படுப்பேன். ஆஸ்பத்திரியில் என் வேலை டோக்கன் வாங்குவது, அம்மாவின் செருப்பைப் பார்த்துக்கொள்வது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடிக்கிறேன். வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை.

வெள்ளிக்கிழமை போனில் கேட்கிற குரலை நம்பாதீர்கள். உங்கள் போன் வருவதற்கு அரை மணி நேரம் முன்னாலிருந்து யாரிடமும் பேசாமல் அந்தக் குரலைச் சேர்த்து வைத்துக்கொள்கிறாள். ரிசீவரை வைத்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முந்தாநாள் பூத்திலிருந்து உங்கள் கம்பெனிக்கு அடித்தேன். யாரோ அரபியில் கத்திவிட்டு வைத்துவிட்டான். ஒரு வகையில் நல்லதுதான். உங்கள் குரல் கேட்டிருந்தால் எனக்கு வாய் வந்திருக்காது. அதனால்தான் லீவு முடிந்து நாளை ஜித்தா வருகிற நம் ஊர் ஆசிக் கையில் இதைக் கொடுக்கிறேன். தபாலைவிட அவன் சீக்கிரம் வந்துவிடுவான். நீங்கள் படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இருடா என்று சொல்லியிருக்கிறேன். ஏன் என்று கேட்டான், சொல்லவில்லை. படித்ததும் அவனை எழுந்து போகச் சொல்லாதீர்கள்.

கஃபீல் எக்ஸிட் அடித்தால் அடிக்கட்டும். வீட்டைக் கட்டிவிட்டீர்கள், ஆஃப்ராவைப் படிக்கவைத்துவிட்டீர்கள், நான் சம்பாதிக்கிறேன். வாருங்கள்.

ஒரு விஷயம். நான் சொல்லித்தான் வந்தீர்கள் என்று அம்மாவுக்குத் தெரியக் கூடாது. லீவு கிடைத்துவிட்டது, சிலோன் கூட்டிப்போக வந்தேன் என்று சொல்லுங்கள். வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து, மலை ஏறுவதா, கோட்டைக்குப் போவதா, எதை முதலில் பார்க்கலாம் என்று பேச்சை ஆரம்பியுங்கள். இளைத்துப்போயிட்டியே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அம்மா நம்புவாள். நம்பாவிட்டாலும் நம்பின மாதிரி இருப்பாள். உங்களுக்கு முன்னால் பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டுவதற்காகத் தலையணைக்குக் கீழேயே வைத்திருக்கிறாள்.

ஆசிக்கிடம் இதைக் கொடுத்துவிட்டு நேராக மதரஸாவுக்குப் போய்ப் பத்து பேருக்குச் சாப்பாடு சொல்லப்போகிறேன். நீங்கள் சொல்லப்போகிற பொய்க்கும் சேர்த்து இன்னும் பத்து பேருக்குச் சொல்லிவிடுகிறேன். அதற்கு அப்படி ஒரு சட்டம் உண்டா என்று தெரியாது, ஹஜ்ரத்திடம் கேட்கவும் மாட்டேன்.

உங்கள் பயணத்தை அல்லாஹ் லேசாக்கி வைக்கட்டும். வாங்க அத்தா.

மகன்
அத்னான்